மாத்திரைக்கு விரதம் இல்லை

1. யார் விளக்கை அணைத்தது?

"கோச்சு, யாரு லைட்ட அணைச்சது?"

ட்ரெட்மில்லில் மெதுவாக நடந்துகொண்டிருந்த சேகர் அண்ணன் கேட்டார். யாரும் விளக்கை அணைக்கவில்லை. காலை வெயில் ஜன்னல் வழியாக நேராக அவர் முகத்தில்தான் விழுந்துகொண்டிருந்தது.

ஓடிப்போய் மெஷினை நிறுத்தினேன். அவரைத் தாங்கிப் பிடித்துத் தரையில் உட்கார வைத்தேன். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கையைத் தொட்டால் ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த மாதிரி இருந்தது, விரல்கள் நடுங்கின. அவருக்குச் சர்க்கரை நோய் என்பது எனக்குத் தெரியும். விரலில் குத்தி மீட்டரில் பார்த்தேன். எங்கள் மீட்டரின் மில்லிமோல் கணக்கில் நாலுக்குக் கீழே போனால் ஆபத்து என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருக்கிறார்கள். அவருக்கு மூன்றுதான் இருந்தது.

காப்பி கலக்கும் மேசையிலிருந்து சீனியை அள்ளித் தண்ணீரில் போட்டுக் கொண்டுவந்தேன்.

"குடிங்கண்ணே."

"வேணாம்."

"சீனித் தண்ணிதாண்ணே, குடிங்க."

"வேணாம்னா வேணாம் கோச்சு. முருகன்கிட்ட சொல்லிட்டேன்."

என்ன சொல்கிறார் என்று யோசிக்க நேரமில்லை. "முருகன்கிட்ட நான் பேசிக்கிறேன், நீங்க மொதல்ல குடிங்க" என்று அதட்டினேன். குடித்தார். கால் மணி நேரத்தில் முகத்தில் நிறம் வந்தது. மறுபடி குத்திப் பார்த்தேன். ஏறியிருந்தது. அதன் பிறகுதான் எனக்கே மூச்சு வந்தது.

தெளிந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை நன்றி இல்லை.

"என்னா காரியம் பண்ணிட்டீங்க கோச்சு. வெரதம் போச்சே!"

அப்போதுதான் அவர் தாடியைக் கவனித்தேன். நைட் ஷிப்ட் அலுப்பில் சவரம் செய்யவில்லை என்று நினைத்திருந்தேன்.

"காலையில சாப்பிட்டீங்களான்னு கேட்டேனே. ஆச்சுன்னீங்களே?"

"சாப்பிட்டியான்னு கேட்டா ஆச்சுன்னுதானே சொல்லுவாங்க? வெரதம்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டா இருப்பாங்க?"

"சரி, மாத்திரை?"

"அதெல்லாம் கரெக்டா போட்டேன். மாத்திரைக்கு ஏது வெரதம்? அது என்ன சாப்பாடா?"

பெருமையாகத்தான் சொன்னார்.

2. அப்பாவின் வேலை

யாழினி, கவின், உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பள்ளியில் அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டால் "ஜிம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறீர்கள். கண்ணாடி முன் நின்று டம்பெல் தூக்குகிற வேலை என்று உங்கள் நண்பர்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.

நான் பதினேழு வயதில், ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவன். தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்துக்கொண்டே உடற்பயிற்சிப் பயிற்றுநர் சான்றிதழ் எடுத்தேன். இப்போது கெடா மாநிலத்துக் கூலிம் ஊரில் ஒரு கடைவீட்டு மாடியில் இருக்கிற நிலையத்தில் வேலை. எங்களிடம் வருபவர்கள் முக்கால்வாசி ஃபேக்டரி ஆட்கள். முட்டி வலி, முதுகு வலி, பிரஷர், சர்க்கரை. டாக்டர் "எக்சர்சைஸ் செய்ங்க" என்று சொல்லி அனுப்புவார். எதை, எவ்வளவு, எப்படி என்று தெரியாமல் எங்கள் படியேறி வருவார்கள். அதைச் சொல்லிக்கொடுப்பதுதான் என் வேலை.

சேகர் அண்ணன் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர். ஐம்பது தாண்டியவர். அவர் மகன் வேலைக்குப் போகும் வழியில் மோட்டார் சைக்கிள் விபத்தில் அடிபட்டு, பிழைப்பானா என்று தெரியாமல் மருத்துவமனையில் கிடந்தான். பையன் எழுந்து நடந்தால் காவடி எடுக்கிறேன் என்று அண்ணன் வேண்டிக்கொண்டார். பையன் நடந்தான். இப்போது பினாங்கில் வேலை பார்க்கிறான். காவடி மட்டும் ஒவ்வொரு வருஷமாகத் தள்ளிப்போனது. முதலில் ஓவர்டைம், பிறகு சர்க்கரை நோய். இந்தப் பங்குனி உத்திரத்துக்கு எப்படியாவது எடுத்துவிடுவது என்று யாரிடமும் சொல்லாமல் ஒரு மண்டல விரதத்தைத் தொடங்கிவிட்டார். சாயங்காலம் ஒரு வேளை சைவச் சாப்பாடு. அதற்குப் பிறகு இரவெல்லாம் வேலை. காலையில் வெறும் தண்ணீர். அந்த வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு நேராக என் ட்ரெட்மில்லுக்கு வந்துவிட்டார்.

3. இரண்டு கோபங்கள்

எங்கள் பாஸ் ஒரு சீனர். நல்ல மனிதர்தான், ஆனால் பயந்தவர். நடந்ததைச் சொன்னதும் கையை உதறினார்.

"ரிஸ்க் லா! அந்த அங்கிளை வீட்டுக்கு அனுப்பு. திருவிழா முடிஞ்சி வரச் சொல்லு. இங்க விழுந்தா யாரு பதில் சொல்றது?"

சேகர் அண்ணன் மனைவி சரோஜா அக்காவுக்கு நான்தான் போன் செய்தேன். வேலை பார்க்கும் பள்ளிச் சிற்றுண்டிச் சாலையிலிருந்து ஏப்ரனோடு மோட்டாரில் வந்து இறங்கினார். படியேறும்போதே குரல் வந்தது.

"வீட்ல பசிக்கலன்னு சொன்ன ஆளு, கடையில சாப்பிட்டேன்னு சொன்ன ஆளு, எங்க? தோ இருக்காரு, தாடி வச்ச சாமியாரு! நீங்க விழுந்து கெடந்தா முருகன் வந்து ஷிப்ட் ஓட்டுவாரா?"

"சத்தம் போடாத சரோ. நாலு பேரு பாக்குறாங்க."

"பாக்கட்டும்! தம்பி, நீங்களே சொல்லுங்க. இந்த ஆளு காவடி எடுக்கலாமா?"

அண்ணனும் என்னைப் பார்த்தார். "எடுக்கக் கூடாதுன்னு மட்டும் சொல்லாதீங்க கோச்சு. முருகன்கிட்ட பையன் உசிரக் கேட்டு வாங்கிட்டேன். நான் சொன்னதக் குடுக்கல. தூக்கமே வரல."

வேண்டாம் என்று சொல்வது எனக்குச் சுலபம். பாஸுக்கும் பிடிக்கும். ஆனால் நான் வேண்டாம் என்றால் அவர் என்னிடம் வருவதைத்தான் நிறுத்துவார், விரதத்தை நிறுத்த மாட்டார் என்று அந்த முகத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது. யாருக்கும் தெரியாமல் எங்காவது ரோட்டோரம் விழுவார். அங்கே சீனித் தண்ணீர் கலக்க ஆள் இருக்காது.

"எனக்கு இப்பத் தெரியலக்கா. படிச்சிட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் அண்ணன் வெறும் வயித்துல மாத்திரை போடக் கூடாது. இன்னிக்கே கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றேன்.

"படிச்சிட்டா? இதுக்குமா புத்தகம் இருக்கு?" என்றார் அக்கா.

4. படித்தது

ஆராய்ச்சி என்றால் வெள்ளைக் கோட்டு, கண்ணாடிக் குழாய் என்று நினைக்காதீர்கள். ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, நிறையப் பேரை வைத்து நடத்திப் பார்த்து, என்ன நடந்தது என்று ஒளிக்காமல் எழுதிவைப்பதுதான் அது. ஒருத்தர் "எனக்குச் சரியாச்சு" என்று சொல்வதற்கும் அதற்கும் அதுதான் வித்தியாசம்.

காவடியையும் சர்க்கரையையும் சேர்த்துத் தேடினேன். எனக்கு உதவுகிற மாதிரி ஒன்றும் என் கண்ணில் படவில்லை. நோன்பு என்று தேடினால் வந்து கொட்டியது. எல்லாம் ரமலான் நோன்பைப் பற்றி. அந்த வருஷம் ரமலானும் பங்குனியும் சேர்ந்தே வந்தன. கிளினிக் சுவரில் நோன்புக்காரர்களுக்கான சர்க்கரை அறிவுரை ஏற்கெனவே ஒட்டியிருந்தது.

என் ஆங்கிலம் உங்களுக்குத் தெரியும். ஒரு பக்கத்துக்கு இருபது தடவை போனில் அகராதி பார்ப்பேன். யாழினி, ஒரு வார்த்தையை உன்னிடம் காட்டினேன். "அப்பா, இத எங்க டீச்சரே படிக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாய். அதனால் நான் எல்லாவற்றையும் புரிந்துகொள்ளப் பார்ப்பதில்லை. மூன்று கேள்வி கேட்பேன். யாரை வைத்துப் பார்த்தார்கள்? அவர்களை என்ன செய்ய வைத்தார்கள்? எதோடு ஒப்பிட்டார்கள்?

முதல் கேள்வியிலேயே இடித்தது. நான் எடுத்த கட்டுரைகளில் பல, பந்து விளையாடும் இளைஞர்களைப் பற்றியவை. சேகர் அண்ணனின் தொப்பைக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. சர்க்கரை நோயாளிகளைப் பற்றியவற்றைத் தனியாகப் பிரித்தேன். அவற்றில் திரும்பத் திரும்ப வந்தவை சில. சில வகை மாத்திரைகள், சாப்பாடு வந்ததா இல்லையா என்று பார்க்காமல் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். அதைப் போடுகிறவர் நோன்பிருந்தால் முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும். உடற்பயிற்சியை விட்டுவிட வேண்டியதில்லை, கடுமையைக் குறைக்க வேண்டும். நோன்பு முடியப்போகிற நேரத்தில், வயிறு காலியாக இருக்கும்போது செய்யக் கூடாது. மீட்டரில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நல்லது, கிடைத்துவிட்டது என்று கிளினிக்கில் மருந்து கொடுக்கும் புவான் நோராவிடம் போனேன். மலாய்க்காரப் பெண்மணி, நாம் 'அம்மா' என்பது மாதிரி மரியாதைக்குப் 'புவான்'. சுவரில் இருப்பதையே சேகர் அண்ணனுக்கும் சொல்லிவிடலாமா என்று கேட்டேன். சிரித்துவிட்டார். மலாயில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"எங்க ஆளுங்க நோன்புல மாத்திரைய விட்டுடுவாங்க, தம்பி. வாயில எதுவும் போகக் கூடாது. அதனால சர்க்கரை ஏறிடுமேன்னும் நாங்க பயப்படணும். உங்க ஆளு சோத்த விட்டுட்டு மாத்திரைய மட்டும் விடாம போட்டிருக்காரு. இவருக்கு எறங்குறதுதான் பயம். சுவத்துல இருக்குறத அப்படியே படிச்சா எப்படி?"

எனக்கு உறைத்தது. அவர்கள் பகலில் மட்டும் நோன்பு, தண்ணீரும் கிடையாது. அண்ணன் தண்ணீர் குடிக்கிறார், ஆனால் ராத்திரி முழுக்கப் பெட்டிகளை ஏற்றி இறக்குகிறார். ஆராய்ச்சி உண்மைதான். அது வேறு ஆளைப் பற்றிய உண்மை. அதை இந்த ஆளுக்குப் பொருத்தித் தைக்க வேண்டியிருந்தது.

டாக்டர் மாத்திரையை மாற்றி, சாப்பாட்டோடு சேர்த்துப் போடும்படி நேரத்தையும் மாற்றிக் கொடுத்தார். அண்ணன் பாதத்தைக் குத்தியும் தடவியும் பார்த்து, உணர்ச்சி இருக்கிறது என்று உறுதிசெய்து, வெறுங்காலில் காவடி எடுக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார். மாத்திரையில் கை வைப்பது என் வேலை இல்லை. அதை நான் ஒருநாளும் செய்ததில்லை, நீங்கள் பெரியவர்களானாலும் செய்யாதீர்கள்.

5. பூசாரி போட்ட வழி

மிச்சம் இருந்தது ஒரு முடிச்சு. மறுபடி சர்க்கரை இறங்கினால் அண்ணன் வாயைத் திறக்க வேண்டும். "வெரதத்துல சீனித் தண்ணியா? செத்தாலும் மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். இதற்கு எந்தக் கட்டுரையிலும் பதில் இல்லை. அண்ணன், அக்கா, நான் மூவருமாகக் கோயிலுக்குப் போனோம். பழைய ரப்பர்த் தோட்டத்து முருகன் கோயில்தான். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, செம்பனைக்குப் பக்கத்தில் ஃபேக்டரியும் வந்துவிட்டது. கோயில் மட்டும் அதே இடத்தில் இருக்கிறது.

பூசாரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அண்ணனை முறைத்தார்.

"ஏம்பா, பாலு பழம் சாப்பிடக் கூடாதுன்னு யாரு சொன்னா?"

"நானாத்தான் சாமி... கடுமையா இருக்கலாம்னு."

"நீயா சட்டம் போட்டுக்கிட்டியா? வேலை முடிஞ்சி வந்து பாலும் பழமும் சாப்பிடு. அப்புறம் இப்ப அலகு வேற குத்தணும்ங்கறியே, அதையும் வேண்டிக்கிட்டியா?"

"வேண்டிக்கல. ஆசைதான்."

"முருகனுக்கு நேந்தது காவடி. அலகு ஒன் ஆசை. சர்க்கரைக்காரனுக்குப் புண்ணு ஆறாதுன்னு எனக்கே தெரியும். காவடி போதும்."

சரோஜா அக்கா கோபுரத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். நான் சீனித் தண்ணீர்ப் பிரச்சினையைச் சொன்னேன். பூசாரி உள்ளே போய் ஒரு புட்டியோடு வந்தார். அபிஷேகத்துத் தேன்.

"இது பிரசாதம். பிரசாதத்துக்கு வெரதம் முறியாது. குடுக்குறப்ப வேணாம்னு சொல்றதுதான் குத்தம். என்னப்பா, கேட்டுச்சா?"

"கேட்டுச்சு சாமி."

"சர்க்கரைக்காரருக்குத் தேனா?" என்று அக்கா என் காதில் கேட்டார். எனக்கும் சந்தேகம்தான். வாசலில் நின்றே புவான் நோராவுக்குப் போன் போட்டேன். "தேனா? கொடுக்கலாம். சர்க்கரை இறங்கும்போது மட்டும், ஒரு பெரிய கரண்டி. கால் மணி நேரம் உக்கார வச்சி மறுபடி பாருங்க" என்றார். தினமும் தின்றால் கெடுதல் செய்யும் அதே பொருள், இறங்கிப்போன நேரத்தில் ஆளைத் தூக்கிவிடும். கிளினிக்கும் கோயிலும் ஒரே புட்டியில் ஒத்துப்போனது எனக்குப் பெரிய ஆறுதல்.

6. பயிற்சி

பாஸிடம் டாக்டரின் சம்மதத்தைக் காட்டினேன். "உன் பொறுப்பு லா" என்று ஒத்துக்கொண்டார்.

எதற்குத் தயாராகிறோமோ அதையே கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து பார்க்க வேண்டும் என்பது பயிற்சி ஆராய்ச்சியின் பழைய பாடம். காவடி எடுப்பவருக்கு ட்ரெட்மில் ஓட்டம் எதற்கு? தோளில் மணல் மூட்டையை வைத்து நடக்க வைத்தேன். முதலில் சின்ன மூட்டை, பிறகு பெரியது. எப்போதும் பாலும் பழமும் உள்ளே போன பிறகுதான். பங்குனி நம் கெடாவில் வெயிலில் நெல் வயல் வெடிக்கிற காலம். உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்றிரண்டு வாரமாவது வேண்டும். ஏசி ஹாலை விட்டுக் கார் நிறுத்துமிடத்துக்கு நடையை மாற்றினோம். கீழே நாசி கண்டார் சோற்றுக் கடைக்காரர் தினமும் எட்டிப் பார்த்து, "அண்ணே, மூட்ட எங்க டெலிவரி?" என்று கேட்பார். "பழனிக்கு!" என்பார் அண்ணன்.

7. பங்குனி உத்திரம்

தார் ரோடு சுடுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று, விடிந்தும் விடியாததுமாக ஆற்றங்கரையில் பூசை போட்டுக் கிளம்பினோம். சின்னக் காவடி, மயிலிறகு வைத்தது. அக்கா கையில் தேன் புட்டி. என் தோள் பையில் மீட்டர். கிளம்பும் முன் பார்த்தபோது அளவு நன்றாக இருந்தது.

பாதி வழியில் ஊர்வலம் நின்றுவிட்டது. முன்னால் ஒரு பெரிய காவடிக்காரர் உருமி மேளத்துக்கு ஆட ஆரம்பித்துவிட்டார். கூட்டம் நகரவில்லை. வெயில் ஏறியது. இது என் கணக்கில் இல்லாத நேரம். அக்கா வாளித் தண்ணீரை ரோட்டில் ஊற்றி அண்ணன் காலை நனைத்துக்கொண்டே இருந்தார்.

அதுவரை "வேல் வேல்" என்று சொல்லிக்கொண்டிருந்த அண்ணன் பேச்சை நிறுத்தினார். நான் கவனித்தது அதைத்தான்.

"அண்ணே, எப்படி இருக்கு?"

தலையை மட்டும் ஆட்டினார். இரண்டு பேரைக் காவடியின் இரு பக்கமும் தாங்கச் சொல்லி, விரலைக் குத்தினேன். நாலுக்குக் கொஞ்சம்தான் மேலே. இறங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா, தேன்."

அக்கா கரண்டியை நீட்டினார். அண்ணன் உதடு மூடியே இருந்தது. வாயைத் திறக்காவிட்டால் காவடியை இறக்கிவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடுவது என்று முடிவு செய்து போனைக் கையில் எடுத்துவிட்டேன்.

"பிரசாதங்க" என்றார் அக்கா. திட்டவில்லை, கத்தவில்லை. "பையனுக்காக வாங்கிக்குங்க."

வாயைத் திறந்தார்.

காவடியை மற்றவர்கள் தாங்கி நிற்க, ஒரு செம்பனை நிழலில் முக்காலியில் உட்கார வைத்தோம். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தேன். ஆறைத் தொட்டிருந்தது. கைகளில் வியர்வை காய்ந்திருந்தது. "என்னா கோச்சு, உருமி நின்னுருச்சா? கெளம்பலாமா?" என்றார். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது, வியர்வையைத் துடைப்பது மாதிரி துடைத்துக்கொண்டேன்.

கோயிலுக்கு வந்து சேர்ந்தோம். காவடிச் செம்பில் கொண்டுவந்த பால் முருகன் தலையில் இறங்கியது. அண்ணன் சாமியைப் பார்த்து, பினாங்கிலிருந்து வந்திருந்த மகனைப் பார்த்து, கையெடுத்துக் கும்பிட்டார். கடைசியாக ஒரு தடவை மீட்டரில் பார்த்தேன். எல்லாம் சரி. அக்கா வாசற்படியில் உட்கார்ந்து, "அப்பாடா" என்று கால் நீட்டினார்.

எனக்கு அப்போதுதான் தலை சுற்றியது. தூணைப் பிடித்துக்கொண்டேன். அண்ணன் பார்த்துவிட்டார்.

"கோச்சு, சாப்பிட்டீங்களா?"

"ஆச்சுண்ணே."

"என்ன சாப்பிட்டீங்க? எப்ப?"

நான் விழித்தேன். விடியற்காலையில் பதற்றத்தில் ஒரு வாய் தேநீர்கூடக் குடிக்கவில்லை. அவர் சிரித்த சிரிப்பில் கோயிலே திரும்பிப் பார்த்தது. "சரோ, அந்தத் தேன் புட்டிய எடு. நம்ம கோச்சு வெரதம் போலருக்கு!"

8. பிள்ளைகளுக்கு

படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். படித்ததை அப்படியே ஒருவர் தலையில் கவிழ்க்காதீர்கள். அந்தப் படிப்பு யாரைப் பற்றியது, முன்னால் நிற்பவர் யார் என்று பாருங்கள். தெரியாததைத் தெரிந்தவரிடம் கேளுங்கள், அவர் கிளினிக்கில் இருந்தாலும் சரி, கோயிலில் இருந்தாலும் சரி.

இப்போதெல்லாம் என் படியேறி வருகிறவரிடம் "சாப்பிட்டீங்களா" என்று நான் கேட்பதில்லை. என்ன சாப்பிட்டீர்கள், எப்போது என்றுதான் கேட்கிறேன். சேகர் அண்ணன் இப்போதும் வாரம் இரண்டு முறை வருகிறார். தாடி இல்லை. வாசலிலேயே நின்று, நான் கேட்கும் முன்பே சத்தமாகச் சொல்கிறார்: "ரெண்டு தோசை, சாம்பார், எட்டு மணிக்கு!"

பிறகு என்னைப் பார்த்து, "நீங்க?" என்கிறார். நான் ஒழுங்காகப் பதில் சொன்ன பிறகுதான் உள்ளே வருகிறார்.